கட்டிலும் முதலடுப்பும்

எனக்கு எழுபத்தொன்பது வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மகன். தாய் போனபோது பால்குடி மறந்திருந்தான், அவ்வளவுதான். ஐந்து பேரும் இருக்கிறார்கள், கெட்டுப்போனவர் யாரும் இல்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

நான் பிறந்தது களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். இரண்டாம் வகுப்பு வரை படித்தேன். பஸ் போர்டு வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். அதற்குமேல் எழுத்து எனக்கு வசப்படவில்லை. கல்யாணம் கழிந்து வந்தது கேரளத்தில் பாறசாலைக்கும் கொல்லயிலுக்கும் நடுவே இருக்கும் இந்த ஊருக்கு. இங்கே கடையில் மலையாளம், வீட்டில் தமிழ், சண்டையில் இரண்டும். நான் சொல்வதை மார்த்தாண்டத்தில் காலேஜ் படிக்கும் பேத்தி எழுதுகிறாள். அவள் படித்த தமிழில் எழுதட்டும் என்று விட்டுவிட்டேன். ஆட்கள் பேசியதை மட்டும் பேசியபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

சொல்ல வந்தது கட்டிலைப் பற்றி.

எங்கள் குடும்பம் என்றால் ஒரு வீடு அல்ல. ஒரே தெக்கதைச் சுற்றிப் பத்துப் பதினோரு வீடு. தெக்கது என்பது எங்கள் குடும்பக் கோவில், ஓடு போட்ட ஒற்றை அறை. உள்ளே சிலை இல்லை. ஒரு பீடம், ஒரு வாள், ஒரு கண்ணாடி, அப்புறம் சுவரோரமாக ஒரு சாண் உயரத்தில் சின்னக் கட்டில், சிவப்புப் பட்டு விரித்தது. அம்மை படுக்கிற கட்டில் அது. அந்திவிளக்கு வைத்து நடை சாத்தினால் அம்மை படுத்துவிட்டாள் என்று அர்த்தம்.

அம்மை கட்டிலில் படுப்பதால் இந்தக் குடும்பத்துப் பெண்கள் கட்டிலில் படுக்கக் கூடாது. அவளுக்குமேல் உயரத்தில் கிடக்கக் கூடாது என்பது வழக்கம். ஆண்கள் கிடக்கலாம். கட்டிக்கொடுத்த பெண்கள் புருஷன் வீட்டில் கிடக்கலாம், இங்கே வந்தால் பாய்தான். கட்டி வந்தவர்களுக்கு வந்த நாள் முதல் பாய்.

ஏன் என்று என் மாமியாரிடம் ஒருமுறை கேட்டேன். வசூரி என்கிற பெரியம்மை பரவிய காலத்தில் களைத்துப்போன ஒரு பெண்பிள்ளை வந்து தலைசாய்க்க இடம் கேட்டாளாம். வீட்டுக்காரி கட்டிலில் கிடந்தபடியே தரையைக் கைகாட்டினாளாம். மறுநாள் வீடு முழுக்க முத்துப் போட்டதாம். மாமியாரின் நாத்தனார் சொன்ன கதை வேறு. வீட்டுக்காரி உடனே எழுந்து கட்டிலைக் கொடுத்தாளாம், வந்தவள் அந்தச் சந்தோஷத்தில் பிறகு போகவே இல்லையாம். ஒன்றில் கோபம், ஒன்றில் சந்தோஷம். இரண்டு கதையிலும் தரையில் கிடப்பது நாங்கள்தான்.

காலம் மாற மாற இதில் சந்தேகங்கள் வந்தன. சந்தேகம் வந்தால் தீர்த்து வைக்க எங்கள் ஆட்களுக்கு ஒரு திறமை உண்டு. நான் மூத்தவளைப் பெற ஆசுபத்திரிக்குப் போனபோது மாமியார் தாழம்பாய் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு கூடவே வந்தார். ஆசுபத்திரிக் கட்டிலில் அதை விரித்துவிட்டுத்தான் என்னைக் கிடக்க விட்டார். நர்சு சத்தம் போட்டாள்.

“இது என்னத்துக்கு அம்மச்சி? கட்டில்ல மெத்தை உண்டே.”

“கட்டில் ஒங்களுக்க. பாயி எங்களுக்க. எங்களுக்க பிள்ள பாயிலயாக்கும் கெடக்குது” என்றார் மாமியார். அன்றோடு அது சட்டமாகிவிட்டது. பிறகு எங்கள் குடும்பத்தில் யார் பெற்றாலும் ஆசுபத்திரிப் பையில் முதலில் வைப்பது பாய்.

இன்னொருமுறை எல்லோருமாகப் பழனிக்குப் புறப்பட்டோம். ரயிலில் பெண்களுக்கும் படுக்கைப் பலகை. கிடக்கலாமா கூடாதா என்று பெட்டி முழுக்க வாக்குவாதம். என் வீட்டுக்காரர் குனிந்து அடியில் பார்த்தார், சங்கிலியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். “இதுக்குக் காலு இல்ல. காலு இல்லாத்தது கட்டில் இல்ல. கேறிக் கெடங்க” என்றார். கிடந்தோம். வயதானவர்கள் மட்டும் தூங்கவில்லை.

நானும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா நின்றவள் அல்ல, நடத்தியவள். என் பெண்மக்கள் பிரசவத்துக்கு வந்தபோது தைலம் தேய்த்து, பச்சிலை போட்டுக் காய்ச்சிய வேது வெள்ளத்தில் குளிப்பாட்டி, தரையில்தான் கிடத்தினேன். நன்றாகத்தான் இருக்கிறார்கள். தரையாலா தைலத்தாலா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

இந்த வழக்கத்தைக் காத்தவளுக்கு ஒரு பெருமையும் வைத்திருந்தார்கள். அதுதான் முதலடுப்பு. கும்ப மாதத்தில், அதாவது மாசியில், தெக்கதின் முன்னால் பொங்காலை. முற்றத்தில் செங்கல் அடுப்புக் கூட்டி, வரிசையாக மண்பானை வைத்து எல்லாப் பெண்களும் நிற்பார்கள். பூசாரி உள்விளக்கிலிருந்து காய்ந்த ஓலையைக் கட்டிய ஓலைச்சூட்டில் தீ எடுத்து வந்து குடும்பத்தில் மூத்த பெண்ணின் கையில் கொடுப்பார். அவள் தன் அடுப்பில் வைத்த பிறகுதான் அதிலிருந்து மற்ற அடுப்புகளுக்குத் தீ போகும். அதுவரை டீச்சரானாலும் சர்க்கார் கச்சேரி உத்தியோகமானாலும் அணைந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அன்று ஒருநாள் அவள் பேச்சுக்கு மேல் பேச்சில்லை. என் மாமியார் தொண்ணூறு தாண்டியும் விடவில்லை. அவருக்குப் பிறகு எனக்கு வந்தது. மூத்தவளாக இருந்தால் மட்டும் போதாது. ஆசாரம் தப்பாதவளாக இருக்க வேண்டும். பாயை விட்டவளுக்கு முதலடுப்பு இல்லை.

என் வீட்டுக்காரர் அயனி மரக் கட்டிலில் படுத்தார், நான் அதன் ஓரத்தில் பாயில். ஐம்பது வருஷத்துக்குமேல் அப்படி. வெளியாட்களுக்கு விநோதமாக இருக்கலாம். எங்களுக்குள் அதைப் பற்றிப் பேச்சு வந்ததே இல்லை. காலையில் எழும்போது கட்டில் காலைப் பிடித்துக்கொள்வேன். இடுப்பு கனத்த பிறகு அவர் மேலிருந்து கை நீட்டுவார். அவர் போன பிறகு, பெண்பிள்ளை மட்டும் கிடக்கிற அறையில் கட்டில் எதற்கு என்று கழற்றி மச்சில் போட்டார்கள். பிடித்து எழ ஒன்றும் இல்லாமல் போனதை அப்போது யாரும் யோசிக்கவில்லை. சுவரில் கை ஊன்றி எழப் பழகினேன். இடவப்பாதி மழை பிடித்த சமயம், ஒருநாள் விடியலில் சுவர் நனைந்து கிடந்தது. கை வழுக்கியது. எலும்பு போன சத்தம் எனக்கே கேட்டது.

நெய்யாற்றின்கரையில் ஓர் ஆசுபத்திரியில் இடுப்புப் பந்தை எடுத்துவிட்டு இரும்பு வைத்தார்கள். அங்கேயும் இளைய மருமகள் தாழம்பாய் கொண்டுவந்தாள். இப்போதைய நர்சுகள் சத்தம் போடவில்லை; வழுக்கும் என்று சொல்லி எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அவள் அதை நாலாக மடித்து என் தலையணைக்கு அடியில் வைத்தாள். அதுவும் சேரும் என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

டாக்டர் சின்னப் பெண். நான் வீடு திரும்பும் நாளில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்: “அம்மா, இனி தரையில இரிக்கப்பிடாது, குத்த வைக்கப்பிடாது, தரையில கெடக்கவே பிடாது. பந்து கழண்டா இன்னொருக்க தொறக்கணும். இந்த வயசுல ரெண்டாவது தொறந்தா நீங்க பின்ன எழும்ப மாட்டீங்க.”

நான் பயப்படுகிற ஆள் இல்லை. ஆனால் கட்டிலோடு கிடந்த நாட்களில் என்னை ஒருத்தி புரட்டி, ஒருத்தி கழுவி விட்டதை நான் மறக்கவில்லை. அப்படி இன்னொரு முறை கிடக்க எனக்கு மனசில்லை. கூடவே இருக்கும் இளைய மகன், பஸ்ஸில் கண்டக்டர், வாய் பேசாதவன். என்னிடம் எதுவும் கேட்காமல் மச்சில் ஏறி அப்பாவின் கட்டிலை இறக்கி, தூசி துடைத்து மாட்டினான். நான் ஏறிக் கிடந்தேன். கல்யாணம் கழிந்து வந்த பிறகு அந்த வீட்டில் கூரையை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

மறுநாள் பால் வாங்கப் போனவர்கள் மூலம் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. முதலில் வந்தது என் கொழுந்தன் மனைவி. எனக்கு அடுத்த மூப்பு அவளுக்கு. வாசலிலேயே நின்றாள்.

“கேட்டது உள்ளதா அக்கச்சி?”

“கண்ணுல காணுதியே. பின்ன என்னத்துக்கு கேக்குத?”

“காலு செரியாவது வரைக்கும்தானே?”

“சாவது வரைக்கும்னாக்கும் டாக்டரு சொன்னது.”

அவள் உள்ளே வந்து முக்காலியில் இருந்தாள். “அப்பம் அடுப்பு? அம்மைக்கும் மேல கெடந்துக்கிட்டு அம்மைக்கு தீ வைப்பியளா?”

“ஒனக்கு அடுப்பு வேணும்னா நேராக் கேளு பிள்ளே. அம்மைய எதுக்கு எடையில இழுக்குத?”

“எனக்கு என்னத்துக்கு? முட்டுக்காலு மடங்காம நான் கெடந்து அவதிப்படுதேன்” என்றாள். ஆனால் அவள் கண் என் கட்டிலை விட்டு நகரவில்லை.

பொங்காலைக்கு முன்பு குடும்பக் கூட்டம் போட்டார்கள். தெக்கதின் முன்னால் தார்ப்பாய் கட்டி நாற்காலி போட்டிருந்தது. நான் வாக்கரைப் பிடித்து நடந்து போனேன். கமிட்டி செக்ரட்டரி நான் வளர்த்த அந்த ஐந்தாவதுதான். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் பக்கம் பார்க்காமல் பேசினான்.

“சித்தி, நான் பிள்ளையா நின்னு சொல்லல்ல. செக்ரட்டரியா நின்னு சொல்லுதேன்.”

“அப்பம் பிள்ளைய கூட்டிட்டு வா மக்கா. அவன்கிட்ட நான் பேசுதேன்” என்றேன். பெண்கள் பக்கம் சிரிப்பு. அவனும் சிரித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தான்.

கல்ஃபில் இருக்கும் ஒருவன் போனில் அனுப்பிய செய்தியை உரக்க வாசித்தார்கள். ஆசாரத்தை விட்டால் பிறகு குடும்பத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தான். அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கின கட்டிலில் மேல்தட்டில் கிடக்கிறான் என்று அவன் தாய் என்னிடம் சொல்லி அழுதிருக்கிறாள். ஆண்பிள்ளைக்கு எந்த உயரமும் ஆகும் என்பதால் அதை யாரும் எடுக்கவில்லை. கவனித்துப் பார்த்தேன்: தலை நரைத்தவர்கள் எப்படியாவது ஒரு வழி தேடிக்கொண்டிருந்தார்கள். மீசை கறுத்தவர்கள்தான் கூடாது என்றார்கள்.

ஒருவர் சொன்னார்: “கால அறுத்துக் கொறைச்சா என்ன?”

“எனக்க காலையா, கட்டிலுக்க காலையா?” என்றேன். அது அன்றைக்கு அடங்கிவிட்டது. தாழ்ந்த கட்டிலில் இருந்து எழ முடியாது என்று டாக்டர் எழுதித் தந்திருப்பதாக என் மகன் எழுந்து சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அவன் கூட்டத்தில் பேசி நான் பார்த்தது அது ஒன்றுதான்.

பிறகு செக்ரட்டரிக்கு ரயில் ஞாபகம் வந்தது. காலில்லாதது கட்டில் இல்லை என்று சித்தப்பாவே சொல்லியிருக்கிறார் அல்லவா என்றான். எல்லோருக்கும் முகம் தெளிந்தது. “அப்பம் சித்தி கெடக்குத முறியில செங்கல் கட்டி, மேல சிலாப் போட்டு, டைல்ஸ் ஒட்டித் தாறோம். காலே இல்லியே. கமிட்டி செலவுல செய்யலாம்.”

நல்ல யோசனை என்று நாலைந்து பேர் தலையாட்டினார்கள். நான் ஒன்று கேட்டேன்.

“எனக்க வீட்டுக்காரர அடக்கின எடத்துல நீங்க கட்டி வச்சிருக்கியது அதேதானே மக்கா? செங்கலும் உண்டு, சிலாப்பும் உண்டு, டைல்ஸும் ஒட்டியிருக்கு. எனக்கும் இப்பவே ஒண்ணா?”

நானே தொடர்ந்தேன்.

“ஒரு காரியம் செய்யுங்க. அம்மைக்க கட்டிலுக்கு அடியில செங்கல் வச்சு ஒசத்துங்க. அப்பம் அவளாக்கும் மேல, நான் கீழ. தீந்துபோச்சு இல்லியா?”

பூசாரி காதைப் பொத்தாத குறை. “அதத் தொடப்பிடாது. சோழி போட்டு பிரஸ்னம் வச்சு அம்மைக்க சம்மதம் கேக்கணும்” என்றார். செக்ரட்டரி மெல்லிய குரலில் வேறொன்று சொன்னான். ஒசத்தவும் முடியாதாம். தெக்கதைப் புதுக்கி டைல்ஸ் போட்டபோது தரையை ஏற்றியதில் அம்மையின் கட்டில் காலும் சேர்ந்து சிமெண்டுக்குள் போய்விட்டதாம். முன்பு ஒரு சாண் இருந்த கட்டில் இப்போது அரைச் சாண்தான் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்கு யார் பிரஸ்னம் வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஜெயித்த மாதிரி ஆகியிருக்கும், ஆனாலும் அடுப்பு கிடைத்திருக்காது. அவர்கள் முகத்தில் அது தெரிந்தது. அம்மை தாழ்ந்ததைப் பற்றி ஒருவரும் வருத்தப்படவில்லை. நான் உயர்ந்ததுதான் அவர்களுக்குப் பிரச்சினை.

கடைசியில் ஒரு சமாதானம் சொன்னார்கள். பொங்காலை விரத நாட்களில் மட்டும் தரையில் கிடந்தால் போதும், மற்ற நாளில் கண்டும் காணாமல் இருந்துகொள்கிறோம் என்றார்கள். கள்ளத்தனமாகக் கட்டிலில் கிடக்க நான் என்ன தப்பு செய்தேன்? வாக்கரைப் பிடித்து எழுந்தேன். “நான் கட்டில்லயே கெடப்பேன், விரதத்துலயும் கெடப்பேன். அடுப்ப எளையவகிட்ட குடுங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சேரும்வரை யாரும் என் பின்னால் வரவில்லை. நான் நடக்கிற வேகத்துக்கு அது நல்ல தூரம்தான்.

பொங்காலை அன்று போகாமல் இருக்கலாம் என்று மருமகள் சொன்னாள். போகாமல் இருந்தால் ஒளிந்துகொண்ட மாதிரி. இங்கத்துப் பெண்கள் உடுத்துவதுபோல் கரைவேட்டி கட்டி, மேலே நேரியல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் போய் இருந்தேன். இரண்டாவது வரிசை. எங்கள் பானைக்கு முன்னால் மருமகள் குத்தவைத்திருந்தாள். நான் அழுகிறேனா என்று ஒவ்வொருத்தியாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

செக்ரட்டரி பக்கத்தில் வந்து நின்றான். “சித்தி, மனசுல ஒண்ணும் வைக்காண்டாம்.”

“மனசுல ஒண்ணும் இல்ல மக்கா. இடுப்புலயாக்கும் வச்சிருக்கு, இரும்பு.”

அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் தலைக்கு வெயில் படாமல் போட்டுவிட்டுப் போனான்.

பூசாரி தீ கொண்டுவந்தார். கொழுந்தன் மனைவி கைநீட்டி வாங்கினாள். மெல்ல மெல்லக் குனிந்து, பலகையில் உட்கார்ந்து, ஓலைச்சூட்டை அடுப்புக்குள் வைத்தாள். பிடித்துக்கொண்டது. பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை விட்டார்கள். முதல் தீ வைத்தவள் எழுந்து நடைக்கு நேரே கும்பிடும்வரை குரவை நிற்கக் கூடாது. அவள் எழவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை முயன்றாள், இன்னொரு முறை முயன்றாள். எல்லோரும் குரவையை இழுத்தார்கள். மூச்சு முட்டிச் சிலர் விட்டு விட்டுப் பிடித்தார்கள், சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. புகையில் அவள் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கடைசியில் இரண்டு பெண்கள் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். கும்பிட்டாள். குரவை நின்றது. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, வேறொன்றும் வரவில்லை. எங்கள் பானையும் நல்லபடியாகவே பொங்கியது.

அது கழிந்து சில நாள் சென்று அவள் வந்தாள். வீட்டில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து வந்திருந்தாள். முக்காலியில் உட்கார்ந்து சாயா குடித்தாள். அப்புறம் கேட்டாள்:

“அக்கச்சி, மேல கெடந்தா தலை சுத்துமா?”

“மொதல்ல கொஞ்சம் சுத்திச்சு.”

“எடையில உருண்டு கீழ விழுந்திர மாட்டியளா?”

“நான் என்ன சின்னப் பிள்ளையா? வேணும்னா கெடந்து பாரு. கதவ சாத்திக்க.”

அவள் வாசலைப் பார்த்தாள். எழுந்து வந்து மெத்தையை உள்ளங்கையால் இரண்டு இடத்தில் அமுக்கிப் பார்த்தாள். “வேண்டாம். வருஷம் வருஷம் எனக்கு அடுப்பு வைக்கணுமே” என்று சொல்லிவிட்டு, முட்டியைத் தேய்த்துக்கொண்டே போனாள்.

அன்றைக்கே மருமகளிடம் பேசினேன். அவள் வெள்ளறடைப் பக்கத்துக்காரி, விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிற குடும்பத்தில் பிறந்தவள். வேலைக்கு அலுக்காதவள், ஆனால் நடுமுதுகு வலிக்கு இரவு எண்ணெய் தேய்க்காமல் கிடக்க மாட்டாள். சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு நடந்தது கண்டாச்சு இல்லியா. இனி ஆரும் ஒன்ன கொல்லப் போறதில்ல. நீயும் ஒரு கட்டில் போட்டுக் கெடயேன்.”

அவள் கை நிற்கவில்லை. “நீங்க எத்தனையோ வருஷம் அடுப்பு வச்சாச்சு மாமி. சின்ன மாமிக்குப் பொறவு ஆராக்கும்னு பாத்தியளா? எனக்கு மூத்தது ரெண்டுபேரு அவியவிய மகன்கூட பெங்களூர் போயாச்சு. அங்க அவியளுக்குக் கட்டிலாக்கும். அப்பம் நானில்லியா?”

ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறாள். அடுத்த தேங்காய் மூடியை எடுத்தாள். என் மாமியார் எப்போது விடுவார் என்று அவள் வயதில் நானும் பார்த்துக்கொண்டிருந்தவள்தான். அறைக்கு வந்து கட்டிலில் ஏறிக் கிடந்தேன்.

இதை எழுதுகிறவள் அவளுடைய மகள். அம்மாவைப் பற்றிச் சொன்ன இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. நான் பார்க்காத மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

போதும் மக்கா, கை வலிக்கும். முதல்ல இருந்து ஒருக்கா வாசி, கேப்போம்.